இல்லமும் நலமும்: ஆடாதோடையைப் பிடுங்கி எறியலாமா?



காங்கேயம் பகுதியிலிருந்து ஒரு சகோதரி இப்பக்கத்திற்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்பவர். காலையில் கம்பெனி வண்டியில் ஏறினால் இரவுதான் வீடு திரும்புவார். சென்ற ஆண்டு அவருக்கு இருமல் கண்டது. பஞ்சுத் தூசுதான் காரணம் என்று எல்லோரும் எண்ணினர். வீட்டு வாசலில் மாமியார் நட்டு வளர்த்த ஆடாதோடை செழித்து நின்றது. நாள்தோறும் இரவில் நாலு இலை பறித்து, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார் இச்சகோதரி. குடித்த இரவெல்லாம் இருமல் தணிந்தது. சளியும் இளகி வெளிவந்தது. ஆகவே மனம் நிம்மதியாய் இருந்தது. இப்படியே நான்கு மாதங்கள் கழிந்தன. மாலையில் இலேசான காய்ச்சல், உணவில் வெறுப்பு, இடுப்பில் நில்லாத கால்சட்டை ஆகியவற்றை வேலைக் களைப்பு என்று ஒதுக்கிவிட்டனர். ஒரு நாள் சளியில் இரத்தம் தெரிந்தது. நோயாளிகளைச் சந்திக்க வந்த கன்னியர் ஒருவர் அவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். சளிப் பரிசோதனையில் அது காசநோய் என்று தெரிந்தது.

இறைவனின் இரக்கத்தால் ஆறு மாத சிகிச்சை முடிந்து அவர் நலமடைந்து மீண்டும் வேலைக்குச் செல்கிறார். குழந்தைக்கும் பரிசோதனை செய்து தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் செடி இன்னும் வாசலில் நிற்கிறது. மாமியார் அதைப் பார்த்தும் பாராதவர்போல் போகிறாராம். "என் கையாலேயே பறித்துப் பறித்துக் கொடுத்து நாலு மாதத்தைப் போக்கிவிட்டேன். இதைப் பிடுங்கி எறிந்துவிடலாமா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, பிடுங்க வேண்டாம். அந்தச் செடி உங்களை ஏமாற்றவில்லை. அது தன் வேலையைச் செய்தது. அதன் வேலை எதுவரை என்பதை நமக்குச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லாமற் போயிற்று. இம்மாதம் அதைப் பற்றியே சிந்திப்போம்.

வேலியே மருந்தகமாய் இருந்த காலம்

காங்கேயம் வறண்ட பூமி. மேற்கு மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையை மறைத்துவிடுவதால், ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே நிலம் வாழ்கிறது. அந்த வறட்சிக்கு ஏற்ப நம் முன்னோர் வகுத்த மேய்ச்சல் நிலமே கொறங்காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை வேலி. உலகம் அறிந்த காங்கேயம் காளைகள் இந்தக் கொறங்காடுகளில் மேய்ந்து வளர்ந்தவையே.

அந்தக் கிளுவை வேலியை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். அது வெறும் முள்வேலி அன்று. அதன்மேல் பிரண்டை படர்ந்திருக்கும். கோவைக் கொடி ஏறியிருக்கும். முடக்கத்தானும் வேலிப்பருத்தியும் பின்னிக் கிடக்கும். மழைக்குப் பின் தூதுவளை தலைகாட்டும். அடியில் குப்பைமேனியும் கீழாநெல்லியும் முளைக்கும். மாட்டுக்கு வயிறு உப்பினாலும், பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் அம்மாயி அந்த வேலியைத்தான் நாடுவார். அவரிடம் ஏடு கிடையாது, எழுத்தும் தெரியாது. ஆனால் அவருடைய அறிவில் மூன்று பகுதிகள் இருந்தன: செடியின் முகம், மருந்தின் அளவு, நிறுத்த வேண்டிய இடம். "மூன்று நாள் கொடு, நிற்காவிட்டால் வைத்தியரிடம் போ" என்பார். அந்த மூன்றாம் பகுதியே அவருடைய அறிவின் மகுடம்.

பிறகு காலம் மாறிற்று. நெசவும் பின்னலாடையும் அரிசி ஆலையும் எண்ணெய் ஆலையும் வேலை தந்தன. கொறங்காட்டு வேலியோரத்தில் வளர்ந்தவர்கள் லைன் வீடுகளில் குடியேறினார்கள். வேலி போயிற்று, வேலியைப் படித்த கண்ணும் போயிற்று. எனினும் மூலிகை மேல் வைத்த நம்பிக்கை மட்டும் குறையவில்லை. இன்று நம் கையில் இருப்பது செடியின் பெயர் மட்டுமே. முகம் தெரியாது, அளவு தெரியாது, நிறுத்தும் இடமும் தெரியாது. இந்த அரைகுறை உடைமைதான் ஆபத்து.

பானையில் நேர்ந்த விபத்து

அரசர்கள் இரண்டாம் நூலின் 4-ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பஞ்ச காலம், கில்காலில் இறைவாக்கினர் எலிசாவின் சீடர்களுக்கு உணவு சமைக்க வேண்டும். ஒருவர் கீரை பறிக்க வயலுக்குச் சென்றார். அங்கே ஒரு காட்டுக் கொடியைக் கண்டு, அதன் காய்களை மடி நிறையப் பறித்து வந்து, அது இன்னதென்று அறியாமலே நறுக்கிப் பானையில் இட்டார். உண்ணத் தொடங்கியவர்கள் பானைக்குள் சாவு இருப்பதாக அலறினர். எலிசா மாவைக் கொண்டுவரச் செய்து பானையில் இட்டு அவர்களைக் காத்தார். பறித்தவருடைய எண்ணம் நல்லதே. பசித்தவர்களுக்கு உணவளிக்கவே அவர் போனார். ஆனால் செடியின் முகம் அவருக்குத் தெரியவில்லை.

இது பழங்கதை என்று கருத வேண்டாம். காங்கேயத்திலிருந்து தாராபுரம், மூலனூர்ப் பக்கம் செல்பவர்கள் கம்பிப் பந்தல்களில் தீச்சுடர் போல் பூத்து நிற்கும் ஒரு கொடியைக் காணலாம். அதுவே செங்காந்தள், நம் மாநில மலர். உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். விதைக்காக அதைப் பயிரிடுகிறார்கள். காலை வேளைகளில் பெண்கள் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்ச்சிசின் என்னும் பொருள் கீல்வாத நோய்களுள் ஒருவகைக்கு உலகெங்கும் டாக்டர்கள் கொடுக்கும் மருந்து. ஆயினும் அதே செடியின் கிழங்கு கொடிய நஞ்சு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று மயங்கி உண்டவர்கள் மாண்டிருக்கிறார்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு நீங்காது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். பின்னர் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

ஒரே செடி அளவறிந்தவர் கையில் மருந்து, அறியாதவர் கையில் நஞ்சு. "இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது" என்று யாரேனும் சொன்னால், அவர்களுக்கு இந்தச் செங்காந்தளைக் காட்டுங்கள். சாலையோரம் பூத்துக் குலுங்கும் அரளியும், வெற்று நிலத்தில் வளரும் ஊமத்தையும், பிள்ளைகள் விளையாடப் பொறுக்கும் குன்றிமணியும் இயற்கையில் விளைந்தவையே. இவற்றை வீட்டு வைத்தியத்திற்கு எக்காரணத்தாலும் கொள்ளலாகாது.

முகம் அறிந்த பெரியோர்

திருச்சபையின் வரலாற்றில் மூலிகைத் தோட்டத்திற்கு மதிப்பான இடம் உண்டு. ஐரோப்பிய மடங்களில் நோயாளர் விடுதிக்கு அருகிலேயே மூலிகைப் பாத்திகள் அமைந்திருந்தன. 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி புனித ஹில்டெகார்ட் செடிகொடிகளின் குணங்களை ஆராய்ந்து நூல் எழுதினார். 2012-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்று உண்டு. கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராயிருந்த வான் ரீட் என்பவர் மலபாரின் தாவரங்களைத் திரட்டி வெளியிட்ட "ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்" என்னும் பெருநூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. அதன் தொடக்கப் பணியில் துணைநின்றவர் மத்தேயு அடிகள் என்னும் இத்தாலியக் கார்மேல் சபைத் துறவி. செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னவர்களுள் தலையானவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். ஒரு கத்தோலிக்கத் துறவி, ஒரு புராட்டஸ்டாண்டு ஆளுநர், ஓர் இந்து வைத்தியர் ஆகிய மூவரும் ஒரு செடியின் முன் ஒன்றுகூடி நின்றனர். அவர்கள் ஒவ்வொரு செடிக்கும் இலை, பூ, காய் அனைத்தையும் துல்லியமாகப் படம் வரைந்த பின்னரே அதன் பயனை எழுதினர். முதலில் முகம், பிறகு குணம். இந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும்.

லைன் வீட்டில் மூலிகைத் தோட்டம்

"எங்களுக்கு இடமேது?" என்று கேட்பீர்கள். வாசற்படியில் இரண்டடி இடமும், அரைநாள் வெயிலும் போதும். எண்ணெய் ஆலைகள் நிறைந்த காங்கேயத்தில் பழைய 15 கிலோ எண்ணெய் டின்னுக்குப் பஞ்சமில்லை. அதை நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு துளைகளிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். மருந்தோ சாயப் பொருளோ வந்த டின்னும் டிரம்மும் கூடவே கூடாது. ஆடிக் காற்று டின் மண்ணை ஒரே நாளில் உலர்த்திவிடும். ஆகவே காற்றுக்கு எதிரே வைக்காமல் சுவரின் மறைவில் வையுங்கள்.

தண்ணீரில் கவனம் தேவை. சோப்பு நீர் கலந்த கழிவுநீரை மூலிகைக்கு ஊற்றலாகாது. இலையின் ஓரம் கருகினால் கிணற்று நீரில் உப்பு மிகுதி என்று ஐயுறுங்கள். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். நொய்யலாறு நமக்குக் கற்பித்த பாடம் சிறிதன்று. காங்கேயம் வட்டத்தில் 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது உழவுக்காக. அதில் வந்து தேங்கியதோ சாயக் கழிவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு அந்தத் துயரம் முற்றியிருந்தது. நிலம் எதைக் குடிக்கிறதோ அதையே செடியும் குடிக்கிறது. ஆகவே சாக்கடையோரத்திலும் கழிவுநீர் ஓடிய நிலத்திலும் தானே முளைத்த கீரையையும் மூலிகையையும் பறித்து உண்ணாதீர்கள். வீட்டில் வளர்ப்பதன் முதற்பயனே இதுதான்: அது குடித்த நீர் எதுவென்று நமக்குத் தெரியும்.

இன்னொன்று. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்குத் தொட்டில். வாரம் ஒரு முறையேனும் அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவாவிடில், காய்ச்சலுக்கு மூலிகை வளர்க்கும் வீடே காய்ச்சலையும் வளர்த்ததாகிவிடும்.

ஆறு செடிகள்

பலவற்றை நட்டு ஒன்றையும் அறியாதிருப்பதினும், ஆறு செடிகளை நட்டு ஆறையும் நன்கறிவது மேல்.

கற்பூரவல்லி: ஓமவல்லி என்பதும் இதுவே. நான்கு விரல் நீளக் கிளையை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும். தடித்த இலை, கசக்கினால் ஓமத்தின் மணம். சாதாரணச் சளிக்கு இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றைச் சிறிது தேனுடன் கொடுப்பது வழக்கம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பச்சிளங் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும்.

துளசி: விதை தூவினாலே முளைக்கும், பூக்கதிரைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். நம் இல்லங்களில் சிலர் இதை நடத் தயங்குவதுண்டு. இந்துச் சகோதரர்கள் போற்றும் செடி என்பதனால் அதன் மணமோ குணமோ நமக்கு அந்நியமாகிவிடாது. படைத்தவர் ஒருவரே. தொண்டைக் கரகரப்புக்கு இலையை வெந்நீரிலிட்டு அருந்தலாம்.

தூதுவளை: முள்ளுள்ள கொடி, இலையிலும் முள் உண்டு. குழந்தைக்கு எட்டாத இடத்தில் ஒரு குச்சியில் படர விடுங்கள். முள்ளை நீக்கி நெய்யில் வதக்கித் துவையலோ இரசமோ செய்யலாம். மழைக்காலச் சமையலில் வாரம் ஒரு முறை இதற்கு இடம் கொடுங்கள்.

சோற்றுக்கற்றாழை: பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் போதும், வாரம் இரு முறை நீர் போதுமானது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் நீரை முழுதும் வடியவிட்டு, சோற்றைப் பலமுறை கழுவ வேண்டும். அந்த மஞ்சள் நீர் கடும் பேதியை உண்டாக்கும். கருவுற்ற தாய்மார் இதை உட்கொள்ளவே கூடாது. அடுப்படியில் சிறு சூடு பட்டால், முதலில் அவ்விடத்தைக் குழாய் நீரில் இருபது நிமிடம் குளிரச் செய்யுங்கள். பற்பசையோ மையோ பூசாதீர்கள். தோல் உரியாத சிறு புண்ணுக்குப் பிறகு கற்றாழைச் சோற்றைத் தடவலாம். கொப்புளம் பெரிதானாலும், சூடு முகத்தில் பட்டாலும் மருத்துவமனைக்குச் செல்க.

பிரண்டை: இரண்டு கணு உள்ள துண்டை நட்டால் சுவரையே மூடிவிடும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் நாக்கு அரிக்காது. பசியைத் தூண்டும் துவையல் என்று பெயர் பெற்றது. எலும்புக்கு நல்லது என்ற வழக்கை நம்பி, விழுந்து அடிபட்டவருக்கு எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடுவது தவறு.

மணத்தக்காளி: பழத்தை மண்ணில் நசுக்கிவிட்டாலே நாற்றுத் தோன்றும். கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்து வாய்ப்புண்ணுக்குக் கொடுப்பர். சமைத்தே உண்க, பச்சைக்காயைத் தவிர்க்க. ஆனால் இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணுக்குக் கீரை போதாது. குறிப்பாகப் புகையிலை போடுபவர்களுக்கு அது புற்றின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். டாக்டர் பார்க்க வேண்டும்.

இனி, ஆடாதோடை

நம் சகோதரியின் செடிக்கு வருவோம். ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை. ஆடுமாடுகள் கடிக்காததால் வேலியாக நிற்கத் தகுந்தது. முற்றிய குச்சியை ஒடித்து நட்டால் வளரும். அதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் சத்து சளியை இளக்கும் தன்மையுடையது. அந்தச் சத்தை முன்மாதிரியாகக் கொண்டு செயற்கை முறையில் உருவாக்கப்பட்டதே, இன்று மருந்துக் கடைகளில் சளியிளக்கியாக விற்கப்படும் புரோம்ஹெக்சின். ஆகவே நம் பாட்டியரின் அனுபவம் வீண்பேச்சு அன்று. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. எனவே கருவுற்றவர்கள் ஆடாதோடையைத் தொடலாகாது.

அச்சகோதரியின் வீட்டில் நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். கஷாயம் சளியை இளக்கியது, இருமல் தணிந்தது. அந்தத் தணிப்பையே தீர்வு என்று எண்ணியதுதான் பிழை. தணிப்பு வேறு, தீர்வு வேறு. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஆற்றல் அந்தக் கஷாயத்திற்கு இல்லை. உள்ளே நோய் வளர்ந்தது. வெளியே இருமல் அடங்கியது. மோசமான மருந்தாயிருந்தால் ஒரு வாரத்தில் கைவிட்டு டாக்டரிடம் போயிருப்பார்கள். ஓரளவு நல்ல மருந்தாயிருந்ததனால்தான் நான்கு மாதம் கழிந்தது. வீட்டு வைத்தியத்தின் உண்மையான ஆபத்து இதுவே.

கீழாநெல்லிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. மஞ்சள் காமாலைக்கு நம் நாட்டில் தொன்றுதொட்டு அரைத்துக் கொடுக்கும் செடி. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கல்லீரல் அழற்சி-பி கிருமியை உடலில் தாங்கியவர்களுக்கு அதைக் கொடுத்துச் சோதித்து, 1988-இல் "லான்செட்" என்னும் மருத்துவ ஏட்டில் முடிவை வெளியிட்டார்கள். மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. உலகமே நம் வேலியோரச் செடியைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் தொடர்ந்து நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஒரு சோதனையில் நம்பிக்கை தந்ததைப் பல சோதனைகளில் உரைத்துப் பார்ப்பதே அறிவு. காமாலைகளில் சில தாமே தணிவன. சில கல்லீரலை அழிப்பன. சில பித்தக்கல்லால் வருவன. எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. இரத்தப் பரிசோதனைக்கே தெரியும். தானே தணிந்த காமாலைக்கெல்லாம் கீழாநெல்லி புகழ் பெற்றுக்கொண்டது. தணியாத காமாலையில் மாண்டவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

நிறுத்த வேண்டிய இடம்

அம்மாயியின் மூன்றாம் அறிவை இங்கே எழுதி வைக்கிறேன். வெட்டி எடுத்து அடுக்களைக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், மாலைக் காய்ச்சலுடன் உடல் மெலிவு: சளிப் பரிசோதனைக்குச் செல்க. அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்ட உணவுக்காக அரசு மாதந்தோறும் வழங்கிவந்த 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பஞ்சுத் தூசிடையே வேலை செய்பவர்கள் எல்லா இருமலையும் தூசின் தலையில் சுமத்தலாகாது. தூசினால் வரும் நெஞ்சிறுக்கமும் தனி நோயே. அதற்கும் மருத்துவம் வேண்டும்.

குழந்தைக்கு மூச்சு வாங்கினால், விலா உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால்: ஒரு மணி நேரமும் காத்திராதீர்கள்.

மூன்று நாளில் தணியாத காய்ச்சல்; காய்ச்சலுடன் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம்: நிலவேம்புக் குடிநீர் குடித்துக்கொண்டே வீட்டில் இருக்கலாகாது.

கண்ணில் மஞ்சள்: முதல் நாளே இரத்தப் பரிசோதனை.

பாம்புக் கடி, நஞ்சுண்டது: எந்தப் பச்சிலையும் வேண்டாம்; 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றிற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை மூலிகையை நம்பித் தாமே நிறுத்தலாகாது. எந்த மூலிகை உண்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்கவும் கூடாது. மூலிகை மருத்துவத்தையே நாட விரும்புவோர்க்கும் வழி உண்டு. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் முறையாகக் கற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் செல்லுங்கள், சந்தையில் பொட்டலம் விற்பவரிடம் செல்லாதீர்கள்.

இரு கொடைகள்

சீராக்கின் ஞானநூலில் 38-ஆம் அதிகாரத்தை இல்லந்தோறும் ஒரு முறை வாசிக்க வேண்டுகிறேன். ஆண்டவர் நிலத்திலிருந்து மருந்துகளைத் தோற்றுவித்தார் என்றும், விவேகமுள்ளவர் அவற்றை இகழமாட்டார் என்றும் அங்கே கற்பிக்கப்படுகிறது. மூலிகையைப் போற்றுவோர் அந்த வசனத்தை அடிக்கடி எடுத்துக் கூறுவார்கள். ஆனால் அதே அதிகாரம் மருத்துவருக்கு உரிய மதிப்பைக் கொடுக்கச் சொல்லித் தொடங்குகிறது. நோயுற்றபோது மன்றாடச் சொல்கிறது. பின் மருத்துவருக்கு இடங்கொடுக்கச் சொல்கிறது. செடியும் இறைவன் தந்தது. மருத்துவரின் அறிவும் இறைவன் தந்தது. ஒரு கொடையைக் காட்டி மறு கொடையைத் தள்ளுவது நன்றியுள்ளவர் செயலன்று.

போலந்து, ஜெர்மனி முதலிய நாடுகளில் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவாகிய ஆகஸ்டு 15 அன்று இறைமக்கள் மூலிகைக் கட்டுகளைக் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். குருவானவர் அவற்றை மந்திரித்து அளிப்பார். நம் பங்குகளிலும் அன்னாளில் ஒன்று செய்யலாமே. செடி வைத்திருக்கும் இல்லங்கள் இல்லாத இல்லங்களுக்கு ஒரு கன்றோ குச்சியோ கொண்டுவந்து கொடுக்கட்டும். கன்றோடு ஒரு சிறு சீட்டும் இருக்கட்டும். அதில் மூன்று வரி: செடியின் பெயரும் அடையாளமும், கொள்ளும் முறையும் அளவும், நிறுத்த வேண்டிய இடம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் பாட்டியரிடம் கேட்டு எழுதட்டும். அவற்றைப் பங்கிலுள்ள மருத்துவப் பணிக் கன்னியரோ டாக்டரோ ஒரு முறை பார்த்துத் திருத்தட்டும். ஆவணியில் நட்ட குச்சி ஐப்பசி மழைக்குத் துளிர்த்துவிடும்.

சகோதரி, உங்கள் மாமியாரிடம் சென்று பேசுங்கள். அவர் நட்டது அன்பினால். நீங்கள் பறித்தது அன்பினால். நான்கு மாதம் தாமதமானது உண்மைதான். அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்தத் தாமதத்தைச் செடியின் மேலும் சுமத்த வேண்டாம், முதியவரின் மேலும் சுமத்த வேண்டாம், உங்கள் மேலும் சுமத்திக்கொள்ள வேண்டாம். இருவருமாக அந்த ஆடாதோடையிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, ஓர் எண்ணெய் டின்னில் நட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, "இரண்டு வாரம், அதற்கு மேல் இருமினால் ஆஸ்பத்திரி" என்று உங்கள் வாயாலேயே சொல்லிக் கொடுங்கள். உங்கள் சொல்லை அவர்கள் கேட்பார்கள்; ஏனெனில் அதை அனுபவித்து அறிந்தவர் நீங்கள்.

உங்கள் இல்லத்தில் நலமும் அமைதியும் நிலைக்க இறைவன் அருள்புரிவாராக.